ஐப்பசி இடிக்கு முன்னால் கம்ப்யூட்டரில் சேஃப் மோடுக்கு வழி போட்டு வைப்பது எப்படி

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற நாளில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். திரை கருத்துப்போய், நீல வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிற நாளில் சேஃப் மோடு என்றால் என்ன, அதற்கு எப்படிப் போவது என்று தேட ஆரம்பித்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். பாஸ்வேர்டு மறந்திருக்கும், ரெக்கவரி கீ எங்கே என்று தெரியாது, அவசரத்தில் "ஃபார்மட் அடிச்சுருவோம் அண்ணாச்சி" என்று கடையில் சொன்னால் சரி என்று தலையாட்டிவிடுவோம். பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், கடைக் கணக்கு, கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதோடு போகும்.

திருநெல்வேலிப் பக்கம் இதற்கு ஒரு சீசனே உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடியும் மழையுமாக இருக்கும்போது கரண்ட் போய்ப் போய் வரும். விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் அணைந்தால், மறுபடி கிளம்பும்போது தகராறு செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆகவே புரட்டாசியிலேயே ஒரு ஞாயிறு மதியம் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். செலவு ஒரு பென்டிரைவ் மட்டும்தான்.

சேஃப் மோடு என்பது விண்டோஸ் தன் அடிப்படை டிரைவர்களையும் சர்வீஸ்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புகிற நிலை. கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர், ஆன்டிவைரஸ், தானாக ஓடும் புரோகிராம்கள் எதுவும் ஏறாது. அவற்றில் ஒன்றுதான் கோளாறு என்றால், அதை நீக்க இங்கே இடம் கிடைக்கும். கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். கிளம்பும்போது எஃப்8 தட்டினால் மெனு வந்துவிடும். அவர்கள் நேரே 8ஆம் படிக்குப் போகலாம்.

ஆணைகளை போனில் ஒருவருக்குச் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறது. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்வேர்டு. பின் நம்பர் அல்ல, பாஸ்வேர்டு. தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு உள்ளே போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மறந்தே போயிருக்கும். சேஃப் மோடில் பின் வேலை செய்யாமல் போவது உண்டு. கைரேகையும் முகமும் அதே கதைதான். அப்போது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டின் முழு பாஸ்வேர்டு வேண்டும். இன்டர்நெட் இல்லாத சேஃப் மோடில், இந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாகப் போட்டு உள்ளே போன பாஸ்வேர்டைத்தான் அது ஏற்கும். போனில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் பின்னிலேயே காலம் தள்ளியிருந்தால் புதியது செல்லாது. ஆகவே இப்போதே நெட் இணைப்போடு விண்டோஸ் பட்டனும் எல்லும் சேர்த்து அழுத்திப் பூட்டுங்கள். பிறகு சைன்-இன் ஆப்ஷன்ஸில் சாவிப் படத்தைத் தேர்ந்து ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுத் திறங்கள்.

சாவிப் படமே வரவில்லையா? செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால் "விண்டோஸ் ஹலோ (பின், கைரேகை, முகம்) மட்டும் அனுமதி" என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தால் பாஸ்வேர்டு வழி திரும்ப வரும்.

தமிழ் 99 கீபோர்டு போட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மொழி ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ்வேர்டைத் தட்டுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறும். சரியான பாஸ்வேர்டையே பத்து முறை தப்பாகப் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

பிட்லாக்கர் ரெக்கவரி கீ. பிட்லாக்கர் என்பது டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி; அதைத் திறக்கும் இந்தக் கீ 48 இலக்கம். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்று பலர் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு செட்டப் செய்த புதிய லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற அதே பூட்டு கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும், ஹோம் எடிஷனிலும்கூட. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். அந்த வரியே இல்லை, கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரும் ஆனில் இல்லை என்றால் உங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டின் டிவைசஸ் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கீழே கீ இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் கீ ஐடியின் முதல் 8 எழுத்தையும் சேர்த்தே எழுதுங்கள். நாளைக்கு நீலத்திரை கீ கேட்கும்போது அந்த ஐடியைக் காட்டும். வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால் எது எதனுடையது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையனே தன் மெயில் ஐடியைப் போட்டு செட்டப் செய்து கொடுத்திருந்தால், கீ அவர் அக்கவுன்ட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அவர் கடை மாறியிருப்பார், நம்பரும் மாறியிருக்கும். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸில் யார் மெயில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் உங்கள் அக்கவுன்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகச் சேர்த்து, டிவைஸ் என்க்ரிப்ஷனை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள். அணைப்பதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு வைத்துவிடுங்கள்.

எழுதிய காகிதம் எங்கே இருக்க வேண்டும்? அந்த லேப்டாப் பைக்குள் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்குத் தரைத்தள மேசை டிராயர் எந்த அளவுக்குப் பத்திரம் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டா, ரேஷன் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரில் சேர்த்து மேல் அலமாரியில் வையுங்கள். போனில் ஒரு ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவ். கம்ப்யூட்டர் தானாகக் கிளம்பாதபோது இதிலிருந்து கிளப்பத்தான் (7ஆம் படி). விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் மீடியா செய்ய 8 ஜிபி போதும். ரெக்கவரி டிரைவ் செய்ய 16 ஜிபி இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குள் ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ கிடைக்கும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், ஆகவே படம் ஏற்றிய பழைய பென்டிரைவை எடுக்க வேண்டாம்.

2. மீட்புப் பகுதி உயிரோடு இருக்கிறதா

சேஃப் மோடுக்குப் போகும் நீலத்திரைகள் எல்லாம் விண்டோஸ் ரெக்கவரி என்ற தனிச் சிறு பகுதியிலிருந்து வருகின்றன. அது அணைந்திருந்தால் அடுத்த படிகளில் பாதி நடக்காது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி விடுபட்டிருக்கும். சி டிரைவை மட்டும் காப்பி செய்து, கூட இருந்த சின்னப் பார்ட்டிஷனை விட்டிருப்பார்கள்.

ஸ்டார்ட் மெனுவில் சி எம் டி (டாக்டரின் டி) என்று தட்டுங்கள். வருகிற கமாண்ட் பிராம்ப்ட் மேல் ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். கருப்புத் திரையில்: ஆர் இ ஏ ஜி இ என் டி சி (எட்டு எழுத்தும் ஒட்டி; இதில் டேபிளின் டி), ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் இன்ஃபோ, என்டர். ஸ்டேட்டஸ் வரியில் எனேபிள்டு என்று வந்தால் சரி. டிசேபிள்டு என்று வந்தால் அதே ஆணையில் இன்ஃபோவுக்குப் பதில் எனேபிள் போடுங்கள். அதற்கும் பிழை காட்டினால் அந்தப் பகுதி காணவில்லை என்று அர்த்தம். பென்டிரைவ்தான் உங்களுக்கு ஒரே கதவு, அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

3. ஷிஃப்டும் ரீஸ்டார்ட்டும்: ஒருமுறை ஒத்திகை

எதையும் மாற்றாமல் சேஃப் மோடுக்குப் போகிற வழி இது. முதல் தடவை இதிலேயே போய்ப் பாருங்கள்.

திறந்திருக்கும் கோப்புகளைச் சேவ் செய்யுங்கள். ஸ்டார்ட், பவர் போய், ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடியே ரீஸ்டார்ட் சொடுக்குங்கள். நீலத்திரை வரும்வரை ஷிஃப்டை விடாதீர்கள். லாகின் திரையின் பவர் பட்டனிலும் இதே வித்தை நடக்கும். ஆகவே உள்ளே நுழைய முடியாவிட்டாலும் லாகின் திரைவரை வந்தால் போதும்.

பிறகு: டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிட்லாக்கர் இருந்தால் நடுவில் 48 இலக்கம் கேட்கும். மறுபடி கிளம்பும்போது ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பட்டியல் வரும். அதில் மவுஸ் எடுபடாது, எண்ணைத் தட்ட வேண்டும்.

4 சாதாரண சேஃப் மோடு. 5 நெட்வொர்க்கோடு. 6 வெறும் கமாண்ட் பிராம்ப்ட்டோடு. இவை மூன்றுதான் இந்த வேலைக்கு. 3ஐத் தட்டினால் குறைந்த ரெசல்யூஷனில் சாதாரண விண்டோஸே வரும். மானிட்டர் மாற்றிய பிறகு "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று திரை கருத்தால் அதுவே போதும். 9ஐத் தட்டினால் பிழை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும். நீலத்திரையில் வரும் பிழைப் பெயரைப் பைய எழுதிக்கொள்ள உதவும். 7, 8 பக்கம் தேவையில்லாமல் போக வேண்டாம். அவை பாதுகாப்பைத் தளர்த்துபவை.

லேப்டாப்பில் எஃப்4 தட்டினால் வெளிச்சமோ சத்தமோ மாறும், மெனு அசையாது. எஃப் வரிசையை விட்டுவிட்டு எண் வரிசையில் 4ஐத் தட்டுங்கள். புளூடூத் கீபோர்டு இந்தத் திரையில் வேலை செய்யாது. ஒயருள்ள யூஎஸ்பி கீபோர்டு ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் ரெக்கவரி திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செத்துப்போயின; அக்டோபர் 20 அன்று தனி அப்டேட் விட்டுத்தான் சரியானது. அந்த நாட்களில் அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்கள் அதற்குப் பிந்தையது ஏறியிருக்கிறதா என்று இந்த ஒத்திகையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

திரையின் நான்கு மூலையிலும் சேஃப் மோடு என்று எழுதி, பின்புலம் கறுப்பாக, ஐகான்கள் பெரிதாக வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்கிறதா பாருங்கள். இதற்குத்தான் இத்தனை ஒத்திகையும். வெளியே வர வெறும் ரீஸ்டார்ட் போதும்.

4. பூட் மெனுவில் சேஃப் மோடுக்கென்று தனி வரி

தினமும் கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஐந்து வினாடி ஒரு பட்டியல் காட்டும். எதுவும் தொடாவிட்டால் வழக்கமான விண்டோஸ் வரும், வேண்டுமானால் கீழ் அம்பைத் தட்டி சேஃப் மோடுக்குப் போகலாம். கடைகளுக்கும், பல பேர் கை வைக்கும் கம்ப்யூட்டருக்கும் இதுதான் ஏற்றது. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, கடையில் இருக்கும் பையனிடம் போனில் "கீழ் அம்பு தட்டி என்டர் அடி" என்று மட்டும் சொன்னால் காரியம் முடியும். மற்ற வழிகளைப் போனில் சொல்லிப் புரியவைக்கச் சாயங்காலமாகிவிடும்.

அ) அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள். விண்டோஸ் 11-இல் டெர்மினல் என்று தட்டித் திறந்தால் பவர்ஷெல் வரும், அது வேண்டாம். அடைப்புக்குறியை அது வேறு பொருளில் எடுத்துக்கொண்டு பிழை காட்டும். சி எம் டி என்றே தட்டித் திறங்கள்.

ஆ) தட்ட வேண்டியது: பி சி டி இ டி ஐ டி (ஏழு எழுத்து ஒட்டி; முதல் இரண்டும் டாக்டரின் டி, கடைசி டேபிளின் டி), ஸ்பேஸ், ஸ்லாஷ் காப்பி, ஸ்பேஸ், ஃப்ளவர் பிராக்கெட்டுக்குள் கரன்ட், ஸ்பேஸ், ஸ்லாஷ் டி (டாக்டரின் டி), ஸ்பேஸ், இரட்டை மேற்கோளுக்குள் சேஃப் மோடு. கரன்ட் என்பதன் ஸ்பெல்லிங் சி யு ஆர் ஆர் இ என் டி (டேபிளின் டி); ஒரு ஆர் விட்டால் நடக்காது. ஸ்லாஷ் என்பது கேள்விக்குறி இருக்கும் பட்டனில் உள்ளது, பின்பக்கம் சாயும் ஸ்லாஷ் அல்ல. என்டர் அடித்ததும் வெற்றிகரமாகக் காப்பி ஆனது என்றும், கூடவே நீண்ட எண்-எழுத்துக் கோவை ஒன்றும் வரும். அந்தக் கோவையை எழுதிவைக்கத் தேவையில்லை.

இ) இப்போது விண்டோஸ் பட்டனும் ஆரும் சேர்த்து அழுத்தி, எம் எஸ் சி ஓ என் எஃப் ஐ ஜி என்று தட்டி என்டர். திறக்கும் சிறு ஜன்னலில் பூட் என்ற டேபுக்குப் போங்கள். இரண்டு வரி இருக்கும். ஒன்றில் கரன்ட் ஓஎஸ், டிஃபால்ட் ஓஎஸ் என்று எழுதியிருக்கும். அதைத் தொடக் கூடாது. நீங்கள் பெயர் வைத்த இரண்டாவது வரியைச் சொடுக்கி, அது நீலமாகத் தேர்வானதைப் பார்த்த பிறகு, கீழே சேஃப் பூட் பெட்டியில் டிக் போட்டு, மினிமலைத் தேர்ந்தெடுங்கள். நெட் வேண்டும் என்றால் நெட்வொர்க். பிறகு மேல் வரியை ஒருமுறை சொடுக்கி, அதில் டிக் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். இந்த ஒரு சொடுக்கைச் சோம்பலில் விட்டால் தினசரி விண்டோஸே சேஃப் மோடில் போய் மாட்டிக்கொள்ளும்.

ஈ) வலது பக்கம் டைம்அவுட் 30 வினாடி என்று இருக்கும். அதை 5 ஆக்குங்கள். 3-க்குக் கீழே எடுக்காது. அப்ளை, ஓகே, ரீஸ்டார்ட்.

அதே ஜன்னலில் "பூட் அமைப்புகளை நிரந்தரமாக்கு" என்ற பொருளில் ஒரு பெட்டி உண்டு. டிக் போடாதீர்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே புராசசர் எண்ணிக்கை, மேக்சிமம் மெமரி என்று இருப்பதைக் கூட்டினால் வேகம் கூடும் என்று சொல்லும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. வேகம் கூடாது. மெமரியில் தப்பான எண் விழுந்தால் கம்ப்யூட்டர் கிளம்பாமலே போகலாம்.

பட்டியலில் சேஃப் மோடைத் தேர்ந்ததும் கம்ப்யூட்டர் இன்னொரு முறை ரீஸ்டார்ட் ஆகிவிட்டுத்தான் உள்ளே போகும். அது கோளாறு இல்லை; புதிய பாணி நீல மெனு அப்படித்தான். விண்டோஸின் பெரிய வருடாந்திர அப்டேட் ஏறிய பிறகு இந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதே பூட் டேபில் அந்த வரியைத் தேர்ந்து டெலீட்.

5. பழைய எஃப்8 வேண்டும் என்பவர்களுக்கு

மெனு தினமும் வரக்கூடாது, தேவைப்பட்டால் மட்டும் எஃப்8-க்கு வர வேண்டும் என்றால், 4ஆம் படி போலவே அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில்: பிசிடிஎடிட், ஸ்பேஸ், ஸ்லாஷ் செட், ஸ்பேஸ், ஃப்ளவர் பிராக்கெட்டுக்குள் டிஃபால்ட், ஸ்பேஸ், பூட் மெனு பாலிசி மூன்றையும் ஒரே சொல்லாக ஒட்டி, ஸ்பேஸ், லெகசி. லெகசி எல் இ ஜி ஏ சி ஒய். திரும்ப எடுக்க லெகசிக்குப் பதில் ஸ்டாண்டர்டு.

கிளம்பும்போது கம்பெனி லோகோ வந்ததிலிருந்து எஃப்8-ஐத் தட்டித் தட்டி விடுங்கள், அழுத்திப் பிடிக்க வேண்டாம். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் கணம் தப்பினால் போச்சு. சில மதர்போர்டுகளில் எஃப்8 என்பது அவர்களுடைய சொந்த பூட் டிவைஸ் மெனு. அதில் டிஸ்கைத் தேர்ந்து என்டர் அடித்த கையோடு மறுபடி எஃப்8 தட்ட வேண்டும். ஷட்டவுன் செய்து போட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வரும். ரீஸ்டார்ட் கொடுத்துத் தட்டுங்கள்.

6. சேஃப் மோடிலேயே சிக்கிக்கொண்டால்

மேலே சொன்ன எம்எஸ்கான்ஃபிக் ஜன்னலில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதிலேயே சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சேஃப் மோடுதான் வரும். பாஸ்வேர்டு தெரிந்தால் பிரச்சினையில்லை, உள்ளே போய் அதே டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பாஸ்வேர்டு தெரியாமல், பின்னும் எடுக்காமல் லாகின் திரையிலேயே நின்றால் முழி பிதுங்கும்.

வெளியே வரும் வழி: லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட். கீபோர்டு கேட்டால் யூஎஸ். பிட்லாக்கர் கேட்டால் கீ. பிறகு: பிசிடிஎடிட், ஸ்பேஸ், ஸ்லாஷ் டெலீட்வேல்யூ (இரண்டு சொல்லும் ஒட்டி), ஸ்பேஸ், ஃப்ளவர் பிராக்கெட்டுக்குள் டிஃபால்ட், ஸ்பேஸ், சேஃப்பூட் (ஒட்டி). வெற்றி என்று வந்ததும் எக்சிட் தட்டி, கன்டினியூ.

இங்கே கரன்ட் என்று போடாதீர்கள். விண்டோஸுக்குள் இருக்கும்போது கரன்ட் என்றால் உங்கள் விண்டோஸ். இந்த நீலத்திரைக்குள் கரன்ட் என்றால் மீட்புப் பகுதியையே குறிக்கும். டிஃபால்ட் போட்டால்தான் சரியான இடத்தில் விழும்.

இந்த ஒரு ஆணையை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, ரெக்கவரி கீ எழுதிய அதே காகிதத்தின் பின்பக்கம் வைத்திருங்கள்.

7. லாகின் திரையே வரவில்லை என்றால்

இரண்டு முறை தொடர்ந்து கிளம்பத் தவறினால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். நீங்களே அதை வரவழைக்க, லோகோவின் கீழ் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி அணையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தபின் மூன்றாவது முறை விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் ரிப்பேர் என்று வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் தொட்டு 3ஆம் படியின் வழியில் போகலாம். அப்டேட் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யவே கூடாது.

யூபிஎஸ் இல்லாத வீட்டில் கிளம்பும் நேரத்தில் இரண்டு முறை கரண்ட் போனால் இதே திரை தானாகவே வரும். வைரஸ் என்று பதற வேண்டாம். கன்டினியூ கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கிளம்பிவிடும்.

அந்தத் திரையும் வராவிட்டால் பென்டிரைவ். அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் பட்டனை விட்டுவிட்டு, ரிப்பேர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய விண்டோஸ் 11 மீடியாவில் அது இன்ஸ்டாலுக்குக் கீழேயே ஒரு தேர்வாக வரும். பென்டிரைவ் வழியாகப் போனால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பெட்டி காணாமல் போயிருக்கும். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. கமாண்ட் பிராம்ப்ட் போய்: பிசிடிஎடிட், ஸ்பேஸ், ஸ்லாஷ் செட், ஸ்பேஸ், ஃப்ளவர் பிராக்கெட்டுக்குள் டிஃபால்ட், ஸ்பேஸ், சேஃப்பூட், ஸ்பேஸ், மினிமல். பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட். வேலை முடிந்ததும் 6ஆம் படியின் டெலீட்வேல்யூ ஆணை கட்டாயம்.

8. உள்ளே போன பிறகு

முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் காப்பி எடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து, கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் என்றால் டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் டேபில் ரோல்பேக் (பழைய டிரைவருக்கே திரும்புவது). அந்தப் பட்டன் மங்கியிருந்தால் அன்இன்ஸ்டால் டிவைஸ். எது என்று தெரியாவிட்டால் எம்எஸ்கான்ஃபிக், சர்வீசஸ் டேபில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியில் முதலில் டிக் போட்டு, பிறகு மீதியை எல்லாம் டிசேபிள் செய்து சாதாரணமாகக் கிளம்புகிறதா பாருங்கள். கிளம்பினால் பாதி பாதியாகத் திரும்பப் போட்டு ஆளைப் பிடிக்கலாம். மறைக்காமல் எல்லாவற்றையும் அணைத்தால் வைஃபை முதல் லாகின் வரை எல்லாம் சேர்ந்து படுக்கும்.

சிஸ்டம் ரீஸ்டோர் இங்கே ஓடும். ஆனால் சேஃப் மோடில் செய்த ரீஸ்டோரை அன்டூ செய்ய முடியாது. அப்டேட்தான் காரணம் என்று சந்தேகம் என்றால் சேஃப் மோடைவிட நீலத்திரையின் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் நல்ல வழி. குவாலிட்டி அப்டேட்டை (மாதாமாதம் வரும் சிறியதை) முதலில் நீக்குங்கள்.

இங்கே நடக்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரின்ட் எடுக்க முடியாது. சத்தம் வராது. சில சாஃப்ட்வேர்களை அன்இன்ஸ்டால் செய்யப் போனால் இன்ஸ்டாலர் சர்வீஸ் இல்லை என்று மறுக்கும். அந்தச் சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாது, அவ்வளவுதான். நெட்வொர்க் சேஃப் மோடிலும் வைஃபை சில லேப்டாப்பில் வரும், சிலதில் வராது. மோடத்திலிருந்து ஒரு கேபிளை நேரே சொருகுங்கள். ஆன்டிவைரஸின் நேரடிக் காவல் இல்லாத நேரம் இது, ஆகவே வேண்டிய டிரைவரை இறக்கியதும் நெட்டைக் கழற்றிவிடலாம்.

சேஃப் மோடிலும் உறைகிறது, தானாக அணைகிறது, காப்பி எடுக்கும்போதே நிற்கிறது என்றால் டிரைவரைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும், கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அங்கே "கம்ப்யூட்டர் வேலை செய்யலை" என்று பொதுவாகச் சொல்லாமல், "நார்மல்ல கிளம்பலை, சேஃப் மோடுல கிளம்புது" அல்லது "சேஃப் மோடுலயும் நிக்குது, டேட்டா காப்பி எடுத்தாச்சு" (இல்லையென்றால் "எடுக்கலை") என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால், ஃபார்மட் அடிக்கும் முன் டேட்டா வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் உள்ள லேப்டாப் என்றால் டேட்டா எடுக்க அவர்களுக்கும் அந்த 48 இலக்கம் வேண்டும். காகிதத்தை அங்கே விட்டுவிட்டு வராமல், அவர்கள் கேட்கும்போது நீங்களே தட்டிக் கொடுங்கள்.